சேர்வராயன் மலைச் சிற்றுயிர்கள்

சேலம் நகரின் வடபால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாய் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமீது, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் ஏற்காடு. ஏரியும் காடும் ஒருங்கே அமைந்தமையால் அவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். அடிவாரத்தில் வெயில் காயும் சித்திரைத் திங்களிலும் மேலே குளிர்காற்று வீசும். ஆகலின், ஆண்டுதோறும் பல்லாயிரவர் அங்குச் செல்கின்றனர். ஏரியிற் படகு செலுத்துவர். மலைமுகட்டில் நின்று கீழே பரந்து கிடக்கும் சேலம் நகரை நோக்குவர். கிள்ளியூர் அருவியைக் கண்டு களிப்பர். சேர்வராயன் கோயிலுக்குச் சென்று வணங்குவர். ஆயின், தாம் நடக்கும் வழியோரத்துப் புதரில் இடையறாது நடைபெறும் வாழ்க்கையைக் காண்பவர் மிகச் சிலரே. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் எறும்பும் வண்டும் அப்புதரில் உழைத்து வாழ்கின்றன. அவற்றின் உழைப்பை நம்பியே மரமும் செடியும் காய்க்கின்றன. காயும் கனியும் நம் இலைக்கு வருகின்றன.

சிற்றுயிர்களைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்தார். எறும்பையும் கறையானையும் மூன்றறிவுடையவற்றின் வரிசையில் வைத்தார். தும்பியை நான்கறிவுடையவற்றுள் சேர்த்தார். ஊறு, சுவை, நாற்றம் ஆகிய மூன்றையும் அறிவன மூன்றறிவுயிர். அவற்றோடு கண்ணால் காணும் அறிவும் பெற்றவை நான்கறிவுயிர். புற்றினுள் உழைக்கும் கறையான்களுக்குப் பெரும்பாலும் கண் இல்லை என்று இன்றைய உயிர்நூலாரும் கூறுகின்றனர். எறும்புகளுள் பலவற்றிற்குக் கண் உண்டு. ஆதலின் அப்பகுப்பு ஒவ்வோர் இனத்திற்கும் அப்படியே பொருந்துமென்று கொள்ளல் வேண்டா. எனினும், புற்றருகே பொறுமையோடு இருந்து பார்த்தவர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும் என்பது அதனால் விளங்கும். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பல பெயர்களைச் சங்கச் சான்றோர் வழங்கினர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு ஒரு தும்பியை விளித்தே வினவுகின்றது. பூவின் இயல்பைப் பூவோடு பழகும் வண்டினிடம் கேட்டறிதலே முறை என்று நம் முன்னோர் கருதினர் போலும்!

சிற்றுயிர்களைக் காண்பதற்குப் பெருங்கருவிகள் தேவையில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். பிரான்சு நாட்டில் ழான் ஆன்றி ஃபாபர் என்றோர் ஆசிரியர் இருந்தார். அவர் 1879-ஆம் ஆண்டில் ஓர் ஊர்ப்புறத்தே கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு நிலம் ஒன்றை வாங்கினார். பிறர் பயனற்றது என்று ஒதுக்கிய அந்நிலத்திலே குளவியும் வண்டும் வாழ்ந்தமையே அவர் அதனை விரும்பியதற்குக் காரணம். 1915-ஆம் ஆண்டில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்து, பூச்சிகளின் வாழ்க்கையைப் பத்துத் தொகுதிகளாக எழுதி உலகிற்கு அளித்தார். தரையில் அமர்ந்து மணிக்கணக்காக நோக்குதலே அவர் கைக்கொண்ட முறையாகும்.

ஏற்காட்டில் காலைப்பொழுதில் மூடுபனி தவழும். அவ்வேளையில் வண்ணத்துப்பூச்சிகளைத் தேடுவது வீண். அவற்றின் உடல் தானே வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் இயல்புடையதன்று. கதிரவன் பனியை விலக்கிய பின்னர் அவை இலைமீது வந்தமர்ந்து, சிறகை விரித்து வெயில் காயும். உடல் வெப்பமுற்ற பின்னரே பறக்கும். ஆகவே, வெயில் ஏறிய பின், பூத்த செடியொன்றைத் தேர்ந்து, நிழல் அதன்மேல் விழாதவாறு நான்கு முழத் தொலைவில் அமர்தல் வேண்டும். நாள், நேரம், வெயில் அல்லது மேகம், செடியின் பெயர், வந்த உயிர்கள், ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்பனவற்றைக் குறித்தல் வேண்டும். பெயர் தெரியாத பூச்சியாயின் அதன் நிறத்தையும் உருவையும் எழுதுக. பிடித்தலும் குத்தி வைத்தலும் வேண்டா. தேன்கூட்டின் வாயிலுக்கு நேரே நிற்றலும் ஆகாது. கூட்டைக் காப்பது தேனீயின் கடமையன்றோ?

இவ்வாறு நோக்குவார்க்கு முதலில் அறிமுகமாவன தேனீக்கள். நம் நாட்டுத் தேனீக்களுள் நான்கு வகையை நன்கறிதல் வேண்டும். உயர்ந்த பாறையின் அடியிலும் பெருமரக் கிளையிலும் ஒரே பெரிய அடையைத் திறந்த வெளியில் தொங்க விடுவது மலைத்தேனீ. அது சினம் மிக்கது. மரப்பொந்திலும் பாறை வெடிப்பிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ. இதனையே பெட்டியில் வைத்து வளர்க்கின்றனர். மலையடிவாரத்துப் புதர்க் கொம்பில் கையகலமே உள்ள அடையைக் கட்டுவது கொம்புத்தேனீ. எறும்பு ஏறாதிருக்கும் பொருட்டுக் கொம்பின் இரு பக்கத்தும் அது பிசின் பூசி வைக்கும். சுவர்ப் பிளவினுள் வாழ்ந்து, மெழுகாலும் பிசினாலும் சிறு குழல் போன்ற வாயில் அமைப்பது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. இத்தாலியத் தேனீ எனப்படும் மற்றொன்று, 1962-ஆம் ஆண்டில் வட இந்தியாவில் குடியேற்றப்பெற்று, அதன்பின் நாட்டின் பிற பகுதிகளிலும் பரவியது.

ஒரு தேனீயைப் பின்பற்றிப் பார்த்தால், அது ஒரே வகைப் பூவையே அடுத்தடுத்து நாடிச் செல்வதைக் காணலாம். அதன் பின்னங்காலில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ திரண்டிருப்பது மகரந்த உருண்டை. இனம் மாறாது செல்லும் அவ்வியல்பினாலேயே ஒரு பூவின் மகரந்தம் அதே இனத்துப் பிறிதொரு பூவைச் சேர்கின்றது. தேன் மிக்க இடத்தைக் கண்ட தேனீ, கூட்டிற்குத் திரும்பி, அடையின்மீது உடலை அசைத்து ஆடும். அவ்வாட்டத்தின் சாய்வு கதிரவனை நோக்கிய திசையையும், ஆடும் கால அளவு தொலைவையும் ஏனைத் தேனீக்களுக்கு உணர்த்தும். இவ்வுண்மையைக் கண்டறிந்தவர் கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞர். 1973-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950-களில் இலங்கைக்கு வந்து, நம் பகுதித் தேனீக்களின் ஆட்டத்தை ஆராய்ந்தார். இருண்ட பொந்தினுள் வாழும் அடுக்குத்தேனீ, செங்குத்தான அடையில் மேல்நோக்கிய திசையையே கதிரவன் இருக்கும் திசையாகக் கொண்டு ஆடுகின்றது. கொம்புத்தேனீயோ திறந்த அடையின் மேற்புறத்துத் தளத்தில் நின்று, பூவுள்ள திசையை நேரே சுட்டி ஆடுகின்றது.

ஏற்காட்டுத் தேனீக்களுக்குப் பெருவிழா, காப்பி பூக்கும் நாளாகும். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக விளங்கிய காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். இன்று மலைச்சரிவெங்கும் காப்பித் தோட்டங்கள் உள்ளன. கோடையில் காப்பிச் செடியின் மொட்டுகள் உறங்குவன போல் காத்திருக்கும். நல்ல மழை ஒன்று பெய்ததும் அவை விழிக்கும். எட்டுப் பத்து நாள் கழிந்தவுடன் தோட்டம் முழுதும் ஒருங்கே வெண்பூப் பூத்து, மல்லிகை போன்ற மணம் கமழும். அப்பூவின் வாழ்நாள் இரண்டு மூன்று நாள்களே. அந்நாள்களில் தோட்டத்திற்குள் நுழைவார் செவியில் தேனீக்களின் ரீங்காரமே நிறைந்திருக்கும். இம்மலையில் மிகுதியாக விளையும் அராபிகா வகை, தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. எனினும் தேனீக்கள் வந்தால் காய்ப்பு மிகுகின்றது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். ரொபஸ்டா வகைக்கோ பிறிதொரு செடியின் மகரந்தம் வந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்று நாள் விருந்துக்கு வரும் தேனீ, ஆண்டின் மற்றை நாள்களில் எதனை உண்டு வாழும்? நாவல் பூக்கும் காலத்தில் நாவலை நாடும். பின்னர் வேலியோரத்துத் தும்பையை நாடும். களை என்று நாம் பறித்தெறியும் சிறு பூண்டுகளின் பூவை நாடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை மலர்ந்தால் குறிஞ்சியையும் நாடும். ஒன்று உதிர்ந்த பின் ஒன்று மலர்ந்து கொண்டிருந்தாலன்றித் தேன்கூடு நிலைக்காது. வேலியை வெட்டி, களையை வேரோடு அழித்து, முதுமரத்தை வீழ்த்தித் தோட்டத்தைத் துடைத்து வைத்தவன், காப்பி பூக்கும் நாளில் மட்டும் தேனீயை எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்? ஆண்டு முழுதும் சோறிடாத வீட்டிற்கு, அறுவடை நாளில் ஆள் வருவரோ?

தேனீ வளத்தை இழத்தல் எத்தகையது என்பதைத் தென்னாடு ஒருமுறை கண்டது. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் என்னும் பாதிரியார் 1911-ஆம் ஆண்டை ஒட்டி அடுக்குத்தேனீக்கு ஏற்ற பெட்டியொன்றை வகுத்து, ஊர்ப்புற மக்களுக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றினார். நியூட்டன் பெட்டி என்று அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அவ்வாறு வளர்ந்த தொழிலின்மீது 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டு அடுக்குத்தேனீக்களிடையே பரவியது. தேனீயின் புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் நிறைந்த பைபோல் ஆகி மடிந்தன. வளர்ப்புப் பெட்டிகளுள் பெரும்பாலானவை வெறுமையாயின. தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வருவாய் இழந்தன. நோய்க்குத் தப்பிய சில கூட்டங்களைக் கொண்டே பின்னர் மெல்ல மெல்லப் பெருக்க வேண்டியதாயிற்று. நோயை நாம் விரும்பி அழைக்கவில்லை. எனினும், அத்தகைய நாளில் எஞ்சி நிற்கும் கூட்டங்களுக்குப் பொந்துடைய மரமும் பூவுடைய புதரும் இருத்தல் வேண்டும். அவற்றைக் காத்தல் நம் கையில் உள்ளது.

தேனீ பல பூக்களை நாடும். வண்ணத்துப்பூச்சியின் குழந்தைப் பருவமோ ஒரு சில செடிகளையே நம்பியிருப்பது. தாய்ப்பூச்சி இலைமீது அமர்ந்து, காலால் தட்டிச் சுவை பார்க்கும். காலிலே சுவையறியும் உறுப்பு உண்டு. தன் இனத்திற்குரிய செடியே என்று தெளிந்த பின்னரே முட்டையிடும். ஏற்காட்டு ஆரஞ்சுத் தோட்டத்தில் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியைக் காணலாம். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, கறிவேப்பிலை ஆகியவற்றின் இளந்தளிரே அதன் புழுவிற்கு உணவு. இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றும். ஆதலின் பறவைகள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்த பின் இலையின் பச்சை நிறம் பெறும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால், தலையின் பின்புறத்திலிருந்து கவர்த்த கொம்பு ஒன்றை நீட்டிக் கடுநாற்றம் வீசும். பின்னர்ப் பட்டுநூலால் தன்னைக் கொம்பிற் பிணித்துக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சில நாள் கழிந்தபின் சிறகு பெற்று வெளிவரும். வீட்டுக் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைச் செடியிலும் இவ்வாழ்க்கை முழுவதையும் நாம் காணலாம்.

ஆடுதீண்டாப்பாளை என்றொரு கொடி உண்டு. ஆடும் தீண்டாதது என்பதை அதன் பெயரே கூறுகின்றது. மேய்ப்பர் கண்ணால் கண்ட உண்மை அப்பெயராயிற்று. அந்நச்சுக் கொடியின் இனத்தையே உண்டு வளர்வது சிவப்புடல் அழகியின் புழு. உண்ட நஞ்சு உடலிற் சேர்வதால் பறவைகள் அவ்வழகியை நெருங்குவதில்லை. இதனை அறிந்ததுபோல், கறிவேப்பிலை அழகி என்னும் மற்றோர் இனத்துப் பெண்பூச்சிகளுள் சில, சிவப்புடல் அழகியின் சிறகுக் கோலத்தை அப்படியே பூண்டிருக்கும். நஞ்சில்லாதது நஞ்சுள்ளதன் வேடத்தில் உலவித் தப்புகின்றது. பறவையை ஏய்க்கும் அவ்வேடம், கூர்ந்து நோக்கும் மாணவனை ஏய்க்க இயலாது. சிவப்புடல் அழகியின் உடல் சிவப்பு. வேடமிட்டதன் உடல் கறுப்பு. சிறகில் மயங்காது உடலை நோக்கினால் உண்மை விளங்கும்.

தமிழக அரசு 2019-ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் மலைக்காட்டு இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அதன் புழுவிற்கு உணவாவது நீரடிமுத்து இனத்து மரங்களின் இலையாகும். பூச்சிக்குப் பெருமை அளித்தோம். அம்மரத்திற்குக் காவல் அளித்தாலன்றி அப்பெருமை நிலைக்குமோ?

வண்ணத்துப்பூச்சிகளுள் சில நெடுவழி செல்வன. நீலக் கோடுடைய இரண்டும் கருநிறமுடைய இரண்டுமாக நான்கு இனங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தை ஒட்டிச் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை முதலியவற்றிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கித் திரள்திரளாகச் செல்லும். 2020-ஆம் ஆண்டில் அச்செலவு ஜூலைத் திங்களிலேயே தொடங்கியதை நோக்கர் குறித்துள்ளனர். நாள் தவறாது குறிப்பெழுதி வந்தோர் இருந்தமையாலேயே காலம் மாறியது தெரிந்தது. இவ்வினங்களின் ஆண்பூச்சிகள், வழியோரத்துக் கிலுகிலுப்பைச் செடியின் வாடிய பகுதிகளில் மொய்த்துச் சாற்றினை உறிஞ்சும். அதனின்றே பெண்பூச்சியைக் கவரும் மணத்தை ஆக்கிக்கொள்ளும். ஒரு காசும் பெறாத செடி என்று நாம் கருதும் கிலுகிலுப்பை, அந்நெடுவழிப் பயணிகளுக்குச் சத்திரம் ஆகின்றது.

ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிடு தோட்டம் ஒன்று உள்ளது. ஆர்க்கிடு மலரின் மகரந்தம் பொடியாக உதிராமல் சிறு பொதியாகத் திரண்டிருக்கும். மலருக்கு வரும் பூச்சியின்மேல் அப்பொதி ஒட்டிக்கொண்டு அடுத்த மலருக்குச் செல்லும். 1862-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின், மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிடு மலரொன்றைக் கண்டார். அதன் தேன், அரை முழத்தினும் குறையாத நீண்ட குழலின் அடியில் இருந்தது. அத்துணை நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சி ஒன்று அத்தீவில் இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்து கூறினார். அவர் மறைந்து இருபது ஆண்டுக்கு மேல் கழிந்தபின், 1903-ஆம் ஆண்டில் அத்தகைய அந்துப்பூச்சியை அறிஞர் விளக்கி எழுதினர். மலர் ஒன்றைக் கண்டு பூச்சியை உணரலாம் என்றால், மலர் அழிந்தவிடத்துப் பூச்சியும், பூச்சி அழிந்தவிடத்து மலரும் என்னாகும் என்பதையும் உணரலாம்.

பூச்சிகள் அனைத்தும் உழவனுக்கு நண்பர் அல்ல. காப்பித் தண்டைத் துளைத்துச் செடியைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு, அராபிகாத் தோட்டங்களுக்குப் பெரும்பகை. எனினும், அப்பகையை வெல்லும் வழியும் அதனை நோக்கியே அறியப்பட்டது. வெயில் நேரே படும் தண்டின் பட்டை வெடிப்பிலேயே அது விரும்பி முட்டையிடும். ஆதலின், தோட்டத்தில் நல்ல நிழல் மரங்களை நிறுத்துதல் முதற்காவல் ஆகும். பகைவனைத் தடுக்கும் அம்மரங்களே தேனீக்குப் பூவும் பொந்தும் தருகின்றன. காரணம் அறியாது பூத்த வேளையில் நஞ்சைத் தெளிப்பவனோ, பகையோடு நட்பையும் சேர்த்து அழிக்கின்றான். அடிவாரத்து மாமரங்களில் வாழும் முயிறு என்னும் செவ்வெறும்பு கடிக்கும் என்று அஞ்சுகிறோம். அது தன் புழுவை வாயிற் பற்றி, அப்புழு விடும் பட்டுநூலால், சேலத்து நெசவாளர் நாடாவை ஓட்டுதல் போல இங்குமங்கும் ஓட்டி இலைகளைப் பிணைத்துக் கூடு அமைக்கின்றது. மரத்திற்குக் கேடு செய்யும் பல பூச்சிகளை வேட்டையாடி உண்பதும் அதுவே.

மாணவர்களே, உங்கள் பள்ளியின் வேலியோரத்தில் எருக்கும் தும்பையும் கிலுகிலுப்பையும் முளைத்திருக்கலாம். அவற்றை வெட்டுமுன் ஒரு வாரம் நோக்குங்கள். எருக்கின் இலையில் வெந்தய வரியனின் புழு இருக்கக் காண்பீர்கள்; தும்பைப் பூவில் தேனீ இருக்கக் காண்பீர்கள். வந்தவற்றின் பெயரையும் எண்ணையும் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஆண்டு அதே திங்களில் மீண்டும் எழுதி ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால், எந்தச் செடி மறைந்தது என்று வினவுங்கள். பின்னர் உங்கள் ஆசிரியரையும் பெற்றோரையும் கேட்டு, தோட்டத்தின் ஒரு மூலையையேனும் அச்செடிகளுக்கென விட்டு வையுங்கள். அம்மூலையில் நாளை வந்தமரும் தேனீ, நாளை மறுநாள் உங்கள் வீட்டு முருங்கைப் பூவிற்கும் வரும்.